நீல பம்ப் ஏன் வேலை செய்கிறது, ஏன் சோர்ந்துபோகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெற்குப் பகுதியில் வாழும் தமிழர்களுக்கு ஆஸ்துமாவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மியர்பேங்க் பிள்ளைகள் பலரின் பள்ளிப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே நீல நிற பம்ப் (இன்ஹேலர்) ஒன்றும் கிடக்கும். நிறவெறிச் சட்டங்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய அந்தக் குடியிருப்பைச் சுற்றி இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஒரு காகித ஆலையும் நின்றன. 2000களின் தொடக்கத்தில் அங்குள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஆய்வாளர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது. 2020 டிசம்பரில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு ஒரு சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. மற்றொன்று 2022இல் நின்றுபோனது. பம்ப் வாங்க வருகிறவர்கள் மட்டும் குறைந்தபாடில்லை.

மருந்துக்கடையில் நிற்கிற என்னிடம் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். முதல் கேள்வி, முதன்முறையாக பம்ப் வாங்கும் இளம் பெற்றோர் கேட்பது: இரண்டு முறை உறிஞ்சினால் ஐந்தே நிமிடத்தில் பிள்ளைக்கு மூச்சு சீராகிறதே, அது எப்படி? இரண்டாவதைப் பழகிப்போனவர்கள் கேட்பார்கள். ஆயா ஒருவர் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டார்: "தம்பி, முன்பெல்லாம் இரண்டு அடித்தால் போதும். இப்போது ஆறு அடித்தாலும் நெஞ்சு இளகவில்லை. மருந்தில் எதையாவது குறைத்துவிட்டார்களா?"

மருந்தில் எதையும் யாரும் குறைக்கவில்லை. மாறியிருப்பது ஆயாவின் மூச்சுக்குழாய். அங்கே என்ன நடக்கிறது என்பதை நாம் இன்று விளக்க முடிகிறதென்றால், அதில் பெரும்பங்கு ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் வாழ்நாள் உழைப்புக்கு உரியது. நீல பம்ப்பை உருவாக்கியவர் அவரல்லர். அதில் உள்ள சால்பியூட்டமால் என்ற மருந்தை டேவிட் ஜாக் என்பவரின் குழு பிரிட்டனில் உருவாக்கி, 1969இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது உடம்பில் எதைத் தொட்டு வேலை செய்கிறது என்பதுதான் அப்போது புதிராக இருந்தது. லெஃப்கோவிட்ஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த 'எதை' என்ற கேள்வியின் பின்னாலேயே போனார்.

மருந்து உள்ளே போவதில்லை

மருந்து என்றாலே அது செல்லுக்குள் புகுந்து எதையோ சரிசெய்துவிட்டு வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். சால்பியூட்டமால் அப்படிச் செய்வதில்லை. நம் மூச்சுக்குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை வளையம்போல் படர்ந்திருக்கிறது. ஆஸ்துமா வரும்போது இந்தத் தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது. அந்தத் தசையின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் ஊடாக, பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் சில புரதங்கள் செருகி நிற்கின்றன. இவற்றைத்தான் ஏற்பிகள் என்கிறோம்.

வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியைப் போன்றது ஏற்பி. மணியை அழுத்துகிறவர் வாசலிலேயே நிற்கிறார், ஓசை மட்டும் வீட்டுக்குள் கேட்கிறது. சால்பியூட்டமால் மூலக்கூறு ஏற்பியின் வெளிப்புறக் குழிவில் வந்து அமர்கிறது. உடனே ஏற்பியின் உருவம் சற்றே திரும்புகிறது. அந்தத் திருப்பம் உறையின் மறுபக்கத்தில், அதாவது செல்லின் உள்ளே, காத்திருக்கும் ஜி-புரதம் என்ற இன்னொரு புரதத்தை எழுப்பிவிடுகிறது. எழுந்த ஜி-புரதம் அருகில் உள்ள ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறுகளை மளமளவென்று உற்பத்தி செய்கிறது. அவை செல் முழுவதும் பரவுகின்றன, தசைக்குள் கால்சியத்தின் அளவு இறங்குகிறது, தசை தளர்கிறது. குழாய் விரிந்து காற்று போகிறது.

இந்தச் சங்கிலியில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கண்ணியிலும் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போவது. ஓர் ஏற்பி பல ஜி-புரதங்களை எழுப்பும். தூண்டப்பட்ட ஒரு நொதி ஏராளமான சைக்ளிக் ஏ.எம்.பி. மூலக்கூறுகளை உருவாக்கும். பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் மருந்து. ஒரு கிராம் மருந்தை வைத்துக்கொண்டு பத்தாயிரம் முறை அழுத்தலாம். அதிலும் கணிசமான பகுதி வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. மீதமுள்ள துளியளவு மருந்து மூச்சுமுட்டி நிற்கிற மனிதரை நிமிர்ந்து உட்காரவைக்கிறதென்றால் அதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான்.

சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971இலும், ஜி-புரதங்களைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் இருவருக்கும் 1994இலும் நோபல் பரிசு கிடைத்தது. சங்கிலியின் பின்பகுதிக்கு அங்கீகாரம் முதலில் வந்தது. முதல் கண்ணியான ஏற்பிக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே அட்ரினலின், பல விளைவுகள்

உண்மையில் சால்பியூட்டமால் நம் உடம்பு தானே சுரக்கும் அட்ரினலினைப் பார்த்துச் செய்யப்பட்டது. அட்ரினலின் என்ன செய்யும் என்பதைக் காண விரும்பினால் ஈஸ்டரை ஒட்டி டர்பனின் 'கேட்டோ மேனர்' பகுதியில் திரௌபதி அம்மன் தீமிதிக்குப் போய், தணல் குழியின் முன் தம் முறைக்காகக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். இதயம் படபடக்கிறது, கை நடுங்குகிறது, கண்மணி விரிகிறது, தோல் வெளுக்கிறது. அவர்களுக்கே தெரியாமல் மூச்சுக்குழாயும் விரிந்துகொள்கிறது. பக்தி எவ்வளவு, அட்ரினலின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் தசையை இறுக்குவதும் இன்னோரிடத்தில் அதே மாதிரித் தசையைத் தளர்த்துவதும் விஞ்ஞானிகளை நீண்டகாலம் குழப்பிய விஷயம்.

ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர் 1948இல் ஒரு விடையை முன்வைத்தார். அட்ரினலினுக்கு ஒரே வகை ஏற்பி இல்லை, ஆல்ஃபா என்றும் பீட்டா என்றும் இரண்டு வகை உண்டு என்றார். தோலின் ரத்தக்குழாயில் இருப்பது ஆல்ஃபா, அது சுருக்குகிறது. மூச்சுக்குழாயிலும் இதயத்திலும் இருப்பது பீட்டா. 1967இல் பீட்டாவையும் இரண்டாகப் பிரித்தார்கள். இதயத்தில் அதிகம் இருப்பது பீட்டா-1, மூச்சுக்குழாய்த் தசையில் இருப்பது பீட்டா-2. முந்தைய தலைமுறை ஆஸ்துமா மருந்தான ஐசோபிரினலின் இரண்டையும் ஒருசேரத் தூண்டியதால் இதயம் தாறுமாறாக ஓடியது. சால்பியூட்டமால் பெரும்பாலும் பீட்டா-2ஐ மட்டும் தேடிப்போகிறது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதிகம் அடித்தால் இதயமும் துடிக்கும். கை நடுங்குவதற்குக் காரணம், கைத்தசைகளிலும் பீட்டா-2 இருப்பது.

இங்கே கடைக்காரனாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பேரனுக்கு ஆஸ்துமா என்றால் தாத்தாவுக்கு ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருக்கும். தாத்தாவுக்குக் கொடுக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் இதே குடும்பத்து ஏற்பிகளை அடைத்துவைப்பவை. ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்பிரனலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். ஆஸ்துமாக்காரர் ஒருவர் அதை விழுங்கினால் மூச்சுக்குழாய் இறுகும், நீல பம்ப்பும் சரியாகக் கைகொடுக்காது. கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் இந்த வகைதான். கண்ணில் விடுகிற சொட்டு நெஞ்சை என்ன செய்யும் என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். அது மூக்கின் வழியாக ரத்தத்தில் சேர்ந்து ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக்கூடும். வீட்டில் ஒருவர் மருந்தை இன்னொருவர் இரவல் வாங்கும் நம் பழக்கத்தை நான் வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருக்கிறதா, இல்லையா?

இவ்வளவு விவரமாக ஆல்ஃபா, பீட்டா என்று பேசினாலும், 1970களின் தொடக்கம் வரை ஏற்பி என்ற பொருளை யாரும் கண்டதில்லை, தனியே பிரித்தெடுத்ததும் இல்லை. 1905இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி ஒரு சோதனை செய்தார். கோழியின் தசைக்குப் போகும் நரம்பு அழிந்துபோன பிறகும் நிக்கோட்டின் அந்தத் தசையைச் சுருக்கியது. குராரே என்ற நஞ்சு அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. அப்படியானால் தசையிலேயே இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் அது 'ஏதோ ஒரு பொருளாகவே' இருந்தது. ஆல்க்விஸ்ட்டே ஏற்பிகளை, திசுக்களின் நடத்தையை விளக்க நாம் வைத்துக்கொண்ட கருத்து என்ற அளவில்தான் பார்த்தார்.

லெஃப்கோவிட்ஸ் இந்த வழக்குக்குள் விரும்பி வரவில்லை. 1943இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். சிறுவயது முதலே மருத்துவராக வேண்டும் என்ற ஒரே ஆசை, அதிலும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராக. படிப்பை முடித்தபோது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. இளம் மருத்துவர்களுக்கும் கட்டாய ராணுவ சேவை. அதற்கு ஒரு மாற்று, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் சேர்ந்து தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வகத்தில் இரண்டாண்டு வேலை பார்ப்பது. 1968இல் அப்படித்தான் அவர் ஆய்வகத்துக்குள் வந்தார். ஓர் ஹார்மோனில் கதிரியக்க அயோடினை ஒட்டி, அது செல்லில் எங்கே போய் உட்காருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எதுவுமே சரிப்படவில்லை. தொட்டதெல்லாம் துலங்கிய மாணவருக்கு அது முதல் தோல்வி. அந்தக் காலத்தில்தான் அவருடைய தந்தை மாரடைப்பால் இறந்தார். ஆய்வு நமக்குச் சரிவராது என்று முடிவுகட்டி, மருத்துவமனைப் பணிக்குத் திரும்ப ஏற்பாடும் செய்துவிட்டார். கிளம்பும் நேரத்தில் சோதனை பலித்தது. 1970இல் ஆய்வறிக்கைகள் வெளிவந்தன.

பாஸ்டன் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆய்வகத்தை எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. இதயநோய் மருத்துவராகும் வழியில் இருந்தவர் இதயத்தை ஆட்டிவைக்கும் அட்ரினலினின் ஏற்பியை எடுத்துக்கொண்டது இயல்பே. 1973இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதன்பின் இடம் மாறவே இல்லை.

வேலை லேசுப்பட்டதல்ல. ஒரு செல்லின் உறையில் மற்றப் புரதங்கள் லட்சக்கணக்கில் இருக்க, இந்த ஏற்பி சில நூறோ சில ஆயிரமோதான் இருக்கும். தவளை, வான்கோழி ஆகியவற்றின் ரத்தச் சிவப்பணுக்களில் பீட்டா ஏற்பி உண்டு என்பதால் அவரைப் போன்ற ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு தொடங்கினார்கள். கதிரியக்கம் ஏற்றிய பீட்டா தடுப்பு மருந்தைத் தூண்டிலாக்கி ஏற்பியை எண்ணினார்கள். பிறகு உறையைக் கரைத்து, ஏற்பியை மட்டும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டிகளைச் செய்து, மார்க் கேரன் முதலிய சக ஆய்வாளர்களோடு ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்தார்கள். கடைசியில் தூய புரதம் கைக்கு வந்தது. அப்போதும் ஐயம் தீரவில்லை. மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இது, சரி. செல்லுக்குள் செய்தியை அனுப்புவதும் இதே புரதம்தான் என்பதற்கு என்ன சாட்சி?

இந்த இடத்தில் நம் நாட்டுத் தவளை ஒன்று கதைக்குள் வருகிறது. இங்கே பிளாட்டானா என்று அழைக்கப்படும் நகத்தவளை, தென்னாப்பிரிக்காவின் குட்டைகளில் கிடப்பது. 1930 வாக்கில் கேப் டவுனில் லான்சலாட் ஹாக்பென் இந்தத் தவளையின் மீது ஹார்மோன்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் அங்கேயே, கர்ப்பிணியின் சிறுநீரை இதற்கு ஊசியில் ஏற்றினால் சில மணி நேரத்தில் முட்டையிடுகிறது என்று காட்டினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் உலகெங்கும் கர்ப்பப் பரிசோதனை என்றால் இந்தத் தவளைதான். ஆயிரக்கணக்கில் கப்பலேறின. பரிசோதனைக்கு வேறு வழி வந்த பிறகும் ஆய்வகங்களில் தங்கிவிட்டன. நம் பாட்டிமார் கரும்புத் தோட்ட வேலைக்காக இங்கே கப்பலில் வந்தார்கள், இங்கிருந்த தவளைகள் வெளியே போயின. யார் போனால் யாருக்கு லாபம் என்பதை முடிவுசெய்கிறவர்கள் எப்போதும் வேறு யாரோதான்.

இந்த நகத்தவளையின் சிவப்பணுவில் ஒரு வசதி இருந்தது. உள்ளே ஜி-புரதம் உண்டு, நொதி உண்டு, ஆனால் வாசலில் பீட்டா ஏற்பி இல்லை. எனவே அட்ரினலினைக் கொட்டினாலும் அது அசையாது. 1983இல் லெஃப்கோவிட்ஸ் குழு, தாங்கள் சுத்தம் செய்த ஏற்பியைச் சிறு கொழுப்புக் குமிழ்களில் பொதித்து அந்தச் சிவப்பணுக்களோடு இணைத்தது. அதுவரை அட்ரினலினுக்குச் செவிடாக இருந்த செல், சைக்ளிக் ஏ.எம்.பி.யை உற்பத்தி செய்யத் தொடங்கியது. வேறொன்றும் சேர்க்கப்படவில்லை, அந்த ஒரு புரதம் மட்டுமே. ஏற்பி வெறும் கருத்தா, பொருளா என்ற வழக்கு அத்தோடு முடிந்தது. இவருடைய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நோபல் பரிசைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒற்றை வரியில் கடந்துபோவது எனக்குப் புரிவதில்லை.

1986இல் இன்னொரு வியப்பு. அந்தப் புரதத்தின் மரபணுவைப் படித்தபோது, அது உறையை ஏழு முறை ஊடுருவி வளைந்து வளைந்து செல்வது தெரிந்தது. அதே ஏழு வளைவு அமைப்பு நம் கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்சின் புரதத்துக்கும் இருந்தது. ஒளியைப் பார்ப்பதும் அட்ரினலினை உணர்வதும் ஒரே கருவியின் இரு வடிவங்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு வாசனை, சில சுவைகள், செரோட்டோனின், ஹிஸ்டமின், அபின் வகை மருந்துகள் என்று குடும்பம் விரிந்துகொண்டே போனது. மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 800 உறுப்பினர்கள். பாதிக்குப் பாதி வாசனைக்கானவை. என் கடை அலமாரியில் உள்ள மருந்துகளை அடுக்கிப் பார்த்தால், உலகில் புழங்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தின் மீதுதான் வேலை செய்கிறது என்ற கணக்கு எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

ஆயாவின் கேள்விக்கு வருவோம்

வாசல் மணியைத் தெருப்பிள்ளைகள் ஓயாமல் அழுத்தினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஒயரைக் கழற்றிவிடுவார். செல்லும் அதையேதான் செய்கிறது.

ஏற்பி தொடர்ந்து தூண்டப்பட்டால், செல்லின் உள்ளே கைனேஸ் வகை நொதி ஒன்று வந்து, ஏற்பியின் உட்பக்க வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து வாலில் அமர்ந்துகொள்கிறது. அது உட்கார்ந்த இடத்தில் ஜி-புரதம் நெருங்க முடியாது. வெளியே மருந்து ஒட்டியிருக்கும், உள்ளே செய்தி போகாது. இதற்குச் சில நிமிடங்கள் போதும். தூண்டுதல் இன்னும் நீடித்தால், அரெஸ்டின் அந்த ஏற்பியை உறையிலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவும் உதவுகிறது. உள்ளே போனவற்றில் சில சுத்தமாகி மறுபடி வாசலுக்கு வருகின்றன, சில அழிக்கப்படுகின்றன. மணிக்கணக்கில், நாள்கணக்கில் இது தொடர்ந்தால் வாசலில் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 1990 வரை இந்தக் கைனேஸையும் அரெஸ்டினையும் அடுத்தடுத்து அடையாளம் கண்டது லெஃப்கோவிட்ஸ் ஆய்வகம்தான். கண்ணின் ரொடாப்சினிலும் இப்படி ஓர் இணை உண்டு என்பது தெரிந்திருந்தது அவர்களுக்கு நல்ல துப்பாக அமைந்தது.

செல் இப்படிச் செய்வதைக் கோளாறு என்று நினைக்கக் கூடாது. தீக்குழியைத் தாண்டியவரின் இதயம் மறுநாளும் அதே வேகத்தில் ஓடினால் என்ன ஆகும்? அடங்கத் தெரிவது ஏற்பிக்கு மிக அவசியமான குணம். பம்ப்பை மணிக்கொரு தரம் அழுத்தும்போதுதான் அந்தக் குணம் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

இதோடு நிறுத்திவிட்டால் நான் ஆயாவுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். மூச்சுக்குழாய்த் தசை அவ்வளவு எளிதில் மரத்துப்போவதில்லை. அதில் உபரி ஏற்பிகள் இருப்பதால் அவசரத்துக்கு அடிக்கும் பம்ப் பெரும்பாலும் ஓரளவு கைகொடுக்கும். அன்றாடம் அடிப்பவர்களிடம் முதலில் தேய்வது அதன் காப்பு. புகை, தூசி, குளிர்காற்று பட்டவுடன் குழாய் இறுகாமல் தடுக்கும் வலு குறைந்துவிடுகிறது. இன்னொன்று, ஆஸ்துமா வெறும் தசை இறுக்கம் மட்டுமல்ல. குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கிறது, சளி அடைத்திருக்கிறது. நீல பம்ப் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. ஆறு முறை அடித்தும் நெஞ்சு இளகவில்லை என்றால் அங்கே வீக்கம் முற்றியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது கடைக்கு வந்து விசாரிக்கும் நேரமில்லை, மருத்துவமனைக்குப் போகும் நேரம்.

அந்த வீக்கத்துக்குத்தான் பழுப்பு நிற பம்ப், அதாவது உறிஞ்சும் ஸ்டீராய்டு. "அதை அடித்தால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லையே" என்று ஒதுக்கிவைப்பவர்கள் அநேகம். தெரியாதுதான். அது ஐந்து நிமிட மருந்தல்ல, தினமும் எடுத்தால் நாள்கள், வாரங்கள் போனபின் பலன் தருவது. வீக்கத்தைக் குறைப்பதோடு ஸ்டீராய்டு இன்னொரு காரியமும் செய்கிறது. பீட்டா-2 ஏற்பியின் மரபணுவை முடுக்கிவிட்டு, புதிய ஏற்பிகளை உருவாக்கச் செய்கிறது. கழன்ற மணிகளுக்குப் பதில் வாசலில் புதிய மணிகள் மாட்டப்படுகின்றன. பழுப்பு பம்ப்பை ஒழுங்காக எடுப்பவருக்கு நீல பம்ப்பின் தேவையே குறைகிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கான உலகளாவிய வழிகாட்டுதல் குழுவான கினா, 2019இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் நீல பம்ப் ஒன்றை மட்டும் நம்பி ஆஸ்துமாவை நடத்தக் கூடாது. 200 முறை அழுத்தக்கூடிய பம்ப்பை ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ப்பவர்களுக்குக் கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றும், பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்றும் அது எச்சரிக்கிறது. மாதம் ஒரு பம்ப் என்பது எங்கள் பக்கம் பல வீடுகளில் மளிகைச் சாமான் பட்டியலில் இருப்பது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, வாங்குகிறவர்கள் மீதல்ல, இதை அவர்களுக்கு உட்கார்ந்து விளக்க நேரமில்லாமல் போன அமைப்பின் மீது.

வடிவம் தெரிந்தபின்

ஏற்பியின் முப்பரிமாண உருவத்தைக் கண்டது லெஃப்கோவிட்ஸின் பழைய சீடர் பிரையன் கோபில்கா. 1984இல் டியூக்கில் சேர்ந்து மரபணு வேட்டையில் பங்கெடுத்தவர், பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். தொடக்கத்தில் குடும்பச் செலவுக்காக வார இறுதிகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்தார். துவண்டு நெளியும் அந்தப் புரதத்தைப் படிகமாக்க அவருக்கு ஏறத்தாழ இருபதாண்டு பிடித்தது. 2007இல் ஏற்பியின் வடிவம் வந்தது. 2011இல், ஏற்பி ஜி-புரதத்தை எழுப்பும் அதே கணத்தைப் பிடித்த வடிவமும் வந்தது. மறு ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. இருவரும் மருத்துவப் படிப்பு படித்தவர்கள், பரிசோ வேதியியலுக்கு! விடிகாலையில் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த அழைப்பு லெஃப்கோவிட்ஸின் காதில் விழவே இல்லை. காதடைப்பான் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவரை மனைவி முழங்கையால் இடித்து எழுப்பினாராம். அன்று முடிவெட்டிக்கொள்ளப் போகலாம் என்று நினைத்திருந்தேன், இனி அது நடக்காது போலிருக்கிறது என்றார் அவர்.

அரெஸ்டின் வெறுமனே வாயடைப்பது மட்டுமல்ல, தனக்கென்று வேறு சமிக்ஞைகளையும் செல்லுக்குள் அனுப்புகிறது என்பது 1990களின் இறுதியிலிருந்து தெரியவந்தது. அப்படியானால் ஜி-புரதப் பாதையை மட்டும் திறந்து அரெஸ்டின் பாதையைத் தொடாத மருந்துகளைச் செய்தால் பக்கவிளைவுகள் குறையுமா? அந்த நம்பிக்கையில் உருவான ஒலிசெரிடின் என்ற மார்ஃபின் வகை வலிநிவாரணி 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை அடக்குவதற்கு அரெஸ்டின்தான் காரணம் என்ற அடிப்படையையே பின்னர் வந்த ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கிவிட்டன. நல்ல கருத்தாக இருப்பதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு.

ஏற்பியைப் பற்றி எவ்வளவு தெரிந்தாலும் மருந்து முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். பம்ப்பை நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையோடு நின்றுவிடுகிறது. இடையில் ஸ்பேசர் என்ற குடுவையை வைத்து, அதற்குள் ஒருமுறை அழுத்தி, மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். ஸ்பேசர் வாங்கப் பணமில்லாதவர்களுக்கு கேப் டவுன் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் அவர் குழுவினரும் 1999இல் ஒரு வழி காட்டினார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் கச்சிதமாகப் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்தால், அது கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று பிள்ளைகளிடம் முறைப்படி சோதித்து நிறுவினார்கள். பிளாஸ்டிக் குவளை அந்த அளவுக்கு உதவவில்லை. போத்தலைக் கழுவிக் காயவைத்து, பிள்ளை போத்தலின் வாயைத் தன் வாயில் வைத்துக்கொள்ள, பம்ப்பை ஒருமுறை அழுத்திவிட்டு நிதானமாக ஐந்தாறு மூச்சு விடச் செய்ய வேண்டும். அடுத்த அழுத்தல் அதற்குப் பிறகுதான். பழுப்பு பம்ப் என்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.